பிரிட்ஜுக்குத் தண்ணி லைன்: தண்டையார்பேட்டை வீட்டில் எப்படிக் கொடுத்தோம்

வட சென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் பெரும்பாலான வீட்டு மொட்டை மாடியில் ரெண்டு டேங்க் இருக்கும். ஒன்று மெட்ரோ தண்ணிக்கு, அதாவது குடிநீர் வாரியம் விடும் தண்ணிக்கு; இன்னொன்று போர்வெல் தண்ணிக்கு. சமையலறையிலும் ரெண்டு குழாய்: நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. விருந்தாளி கை கழுவப் போனால்கூட "அந்தப் பக்கக் குழாயில வாய் கொப்பளிக்காதீங்க" என்று உள்ளேயிருந்து குரல் வரும். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு பல வருஷம் நிலத்தடியை உறிஞ்சினால் உப்பு ஏறத்தானே செய்யும். மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010இல் வந்தது. நாளைக்கு 10 கோடி லிட்டர் அதன் திறன். வட சென்னையில் பல இடங்களுக்கு அந்தத் தண்ணி கைகொடுத்திருக்கிறது. ஆனால் போர் தண்ணி உப்பாகவேதான் இருக்கிறது.

இதையெல்லாம் சொல்லக் காரணம், பிரிட்ஜுக்குத் தண்ணி லைன் கொடுக்கிற வேலையில் முதலில் முடிவாக வேண்டியது எந்தக் குழாயிலிருந்து எடுப்பது என்பது. டியூப், கனெக்டர், பம்பு எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

பிரிட்ஜ் எங்கள் அண்ணனுடையது. ரெண்டு கதவு, ஐஸும் குளிர்ந்த தண்ணியும் கதவிலேயே வரும் ரகம். பழைய மகாபலிபுரம் சாலை (ஓ.எம்.ஆர்.) பக்கம் ஒரு அடுக்குமாடியில் இருந்தார். வேலை மாறி வெளிநாடு போகும்போது "நீயே வச்சுக்கடா" என்று அனுப்பிவிட்டார். அவர் வீட்டில் அது ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை. அந்தக் கட்டடத்தில் எல்லா வீட்டுக்கும் பொதுவாக பிரஷர் பம்பு ஓடும், தண்ணியைச் சுத்தம் செய்யும் ஏற்பாடும் உண்டு. சிங்க்குக்குக் கீழே ஒரு டீ (லைனைப் பிரிக்கும் மூன்று வாய் மூட்டு) போட்டு, கால் அங்குல டியூப் இழுத்து மாட்டியதோடு வேலை முடிந்தது. எங்கள் வீடு தரைத்தளத்தோடு சேர்த்து மூன்று தளம், பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப், மோட்டார் போட்டு ஏற்றும் டேங்க். அண்ணன் வீட்டு நினைப்பில் இங்கே வேலையை ஆரம்பிக்க முடியாது.

முதலில் மாடிப்படி. எங்கள் படிக்கட்டின் அகலத்தில் அந்த பிரிட்ஜ் ஏறாது. கதவைக் கழற்றித்தான் ஏற்ற வேண்டும். தண்ணி வரும் கதவுக்குள் ஒரு மெல்லிய டியூப் ஓடுகிறது. எங்கள் மாடலில் அது கீழ்க் கீல் வழியாக இறங்கி, முன்பக்கம் அடியில் ஒரு கப்ளரில் இணைகிறது. மேல் கீல் பக்கம் ஒயர் கனெக்டர். தூக்க வந்த ஆட்கள் கீல் ஸ்க்ரூவைக் கழற்றியதும் கதவைத் தூக்கப் பார்த்தார்கள். அப்படி இழுத்தால் டியூப் உள்ளேயே கிழியும், வெளியே ஒன்றும் தெரியாது. அடியிலிருக்கும் தகட்டைக் கழற்றி, கப்ளரின் வளையத்தை அழுத்திப் பிடித்து டியூபை உருவிய பிறகுதான் கதவைத் தொடவே விட்டோம். பழைய பிரிட்ஜை இடம் மாற்றுகிறவர்கள் இந்த இடத்தில் பக்கத்திலேயே நிற்பது நல்லது.

பிரிட்ஜை வைத்த சுவருக்குப் பின்னால்தான் வாஷிங் மெஷின் லைன் போகிறது. பிளம்பர் வந்தார், பார்த்தார், கையை அங்கேயே காட்டினார். "இன்னாண்ணே, லைன் இங்கயே கீது. ஒரு டீ, ஒரு ஆங்கிள் காக், அரை மணி நேர வேல." அது போர் லைன். தண்ணியில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். பேனாவை விட்டுப் பார்த்தால் ஆயிரத்தைத் தாண்டி நின்றது. பிரிட்ஜுக்குள் ஒரு பில்டர் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த பில்டர் பெரும்பாலும் கார்பன் வகை. குளோரின் வாசம், தூசு, கொஞ்சம் நிறம் இவற்றைப் பிடிக்கும். கரைந்திருக்கும் உப்பை அது தொடாது. உப்பு அப்படியே ஐஸில் ஏறும், கடினத்தன்மை வால்வுக்குள் வெள்ளையாகப் படியும். பிரிட்ஜின் பின்னால் தண்ணியைத் திறந்து மூடுவது மின்சாரத்தில் இயங்கும் ஒரு சின்ன சோலினாய்டு வால்வு. அதன் வாயில் படிவு சேர்ந்தால் சரியாக மூடாமல் சொட்டும். மெட்ரோ தண்ணி எங்கள் குழாயில் முந்நூறு சொச்சம் காட்டியது. இந்தியக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500 லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை விடுகிறது. அந்த 2000ஐக் காட்டி "போர் தண்ணியும் குடிக்கலாமே" என்று எங்கள் சித்தப்பா வாதாடுவார். அவர் வீட்டு காபியைக் குடித்துப் பார்த்தவர்கள் அந்த வாதத்தை ஏற்க மாட்டார்கள்.

சரி, மெட்ரோ டேங்க் லைனிலிருந்தே எடுத்துவிடலாம் என்றால், அங்கே அழுத்தம் இடிக்கிறது. எங்கள் மாடலின் கையேட்டில் தண்ணியின் அழுத்தம் 20 முதல் 120 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. நம்ம ஊர் பிளம்பர்கள் பி.எஸ்.ஐ. பேச மாட்டார்கள், கேஜி என்பார்கள். பத்து மீட்டர் உயரத்துத் தண்ணி ஒரு கேஜி அழுத்தம் தரும், அது பி.எஸ்.ஐ.யில் 14 சொச்சம். 20 பி.எஸ்.ஐ. வேண்டுமென்றால் டேங்க்கின் தண்ணி மட்டம் பிரிட்ஜுக்கு மேலே 14 மீட்டர், அதாவது 46 அடி உயரத்தில் இருக்க வேண்டும். எங்கள் சமையலறை முதல் மாடி. மேலே ஒரு தளம், அதற்கு மேல் டேங்க். எப்படி அளந்தாலும் இருபத்திரண்டு அடிக்கு மேல் தேறவில்லை. பிளம்பர் குழாயில் அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டினார். முள் அரை கேஜியைக் கொஞ்சம் தாண்டி நின்றது, டேங்க் நிறைந்திருக்கும்போதே. பாதி டேங்க்கில் இன்னும் இறங்கும்.

அழுத்தம் குறைந்தால் தண்ணி மெதுவாக வரும், அவ்வளவுதானே என்று தோன்றும். விஷயம் அதோடு நிற்பதில்லை. ஐஸ் தட்டுக்குத் தண்ணி நேரக் கணக்கில் விடப்படுகிறது; வால்வு சில வினாடி திறக்கும், மூடும். அழுத்தம் குறைவாக இருந்தால் அந்த வினாடிகளில் தட்டு நிறையாது. ஐஸ் அரைப் பிறையாக, உள்ளே கூடாக விழும். இன்னொன்று, இந்த மாதிரி வால்வு இறுக மூடுவதற்கே தண்ணியின் அழுத்தம் உதவி செய்ய வேண்டும். அது போதாவிட்டால் மூடிய பிறகும் ஒவ்வொரு துளியாக ஒழுகும். அந்தத் துளி ப்ரீசருக்குள் போகும் குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும். அப்புறம் ஐஸே வராது. சர்வீஸ் ஆள் வந்து ஐஸ் மேக்கர் போய்விட்டது, மாற்றணும் என்பார். பிளம்பிங்கில் இருக்கிற கோளாறுக்குப் பிரிட்ஜ் பழி சுமக்கும். அதனால் ஐஸ் சின்னதாக விழுகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, உங்கள் வீட்டு டேங்க் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்றுதான்.

வழிகள் மூன்று இருந்தன. மொட்டை மாடியிலேயே பிரஷர் பம்பு வைத்து வீடு முழுக்க அழுத்தம் ஏற்றுவது ஒன்று. புது வீட்டுக்குச் சரி. எங்கள் ஜி.ஐ. லைனில் அழுத்தம் ஏற்றினால் எந்த மூட்டு எந்த ராத்திரி விடும் என்று சொல்ல முடியாது, அதனால் பேச்சையே எடுக்கவில்லை. ரெண்டாவது, நல்ல தண்ணிக் குழாயிலிருந்து ஒரு தூசு பில்டர், ஒரு கார்பன் பில்டர், ஒரு சின்ன பம்பு வைத்து பிரிட்ஜுக்கு மட்டும் தனி லைன். மூன்றாவது, சுவரில் ஏற்கெனவே தொங்கும் ஆர்.ஓ. மெஷினின் டேங்க்கிலிருந்து பம்பு வைத்து எடுப்பது.

டி.டி.எஸ். 500க்குக் கீழே இருந்தால் ஆர்.ஓ. தேவையே இல்லை என்பது என் கருத்து. 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் அப்படிப்பட்ட இடங்களில் ஆர்.ஓ.வைத் தடுக்கச் சொன்னது. ஆனால் அதே 2019 கோடையில் புழல் ஏரி வறண்டு தரை தெரிந்தபோது எங்கள் சம்பில் விழுந்ததெல்லாம் லாரி தண்ணி. ஒரு லாரி நானூறு காட்டும், அடுத்தது தொள்ளாயிரம் காட்டும். ஆர்.ஓ. அப்போது வாங்கியதுதான். லாரி தண்ணி மறுபடியும் வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அதனால் மூன்றாவது வழி. நிரந்தரமாக நல்ல தண்ணி வரும் வீடாக இருந்தால் ரெண்டாவதையே எடுப்பேன். ஆர்.ஓ. ஒரு லிட்டர் கொடுக்க ரெண்டு மூன்று லிட்டரைக் கழிவாகத் தள்ளுகிறது. அம்மா அந்தக் கழிவுக் குழாயை ஒரு டப்பில் விட்டு, மாப் போடவும் பாத்ரூம் கழுவவும் எடுத்துக்கொள்கிறார். இல்லையென்றால் மனசு கேட்காது.

இதில் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். "ஆர்.ஓ.விலிருந்து டீ போட்டு எடுத்துடலாம், பம்பு எதுக்கு" என்று சொல்கிற ஆட்கள் நிறைய. சுவரில் மாட்டும் சாதாரண ஆர்.ஓ.வின் டேங்க்கில் அழுத்தம் எதுவும் கிடையாது. குடத்தில் ஊற்றி வைத்தது போலத்தான் தண்ணி நிற்கிறது. உள்ளே இருக்கும் பம்பு, உப்பைப் பிரிக்கும் மெம்பிரேன் சவ்வுக்குத் தண்ணியைத் தள்ள மட்டும்தான். சிங்க்குக்குக் கீழே வைக்கும், காற்றுப் பை உள்ள இரும்பு டேங்க் ரகத்தில் ஓரளவு அழுத்தம் இருக்கும். அதிலும் டேங்க் பாதி காலியானால் இறங்கிவிடும்.

ஆகவே 24 வோல்ட்டில் ஓடும் சின்ன டயாப்ரம் பம்பு ஒன்று, பிரஷர் சுவிட்சோடு. பிரிட்ஜ் வால்வு திறந்தால் லைனில் அழுத்தம் இறங்கும், பம்பு தானாக ஓடும். வால்வு மூடியதும் அழுத்தம் ஏறி நின்றுவிடும். ஆர்.ஓ.வுக்குள் டீ போடுகிற வேலையை மட்டும் வருஷ கான்ட்ராக்டில் வரும் மெக்கானிக்கையே செய்யச் சொன்னோம். வெளியாள் திறந்தால் அப்புறம் கான்ட்ராக்டில் தகராறு வரும். பம்புக்கு அடுத்து ஒரு ஸ்டாப் வால்வு, கை எட்டும் இடத்தில். அதை பிரிட்ஜுக்குப் பின்னால் வைத்தால் அவசரத்துக்கு அந்தப் பெட்டியை நகர்த்தித்தான் மூட முடியும். பம்பை மெட்ரோ தெருக் குழாய் லைனில் நேராக வைத்து இழுக்கலாமா என்று கேட்காதீர்கள். அது கூடவே கூடாது, பிடித்தால் மோட்டாரையே தூக்கிக்கொண்டு போவார்கள்.

டியூப் கால் அங்குலம், உணவுத் தரமுள்ள வெள்ளை பிளாஸ்டிக். செம்புக் குழாய் போடலாம் என்று ஒருவர் சொன்னார். சாதாரணத் தண்ணிக்குப் பரவாயில்லை, ஆர்.ஓ. தண்ணிக்கு வேண்டாம். உப்பு குறைந்த அந்தத் தண்ணி செம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். வெயில் படும் இடமாக இருந்தால் வெள்ளை டியூபும் ஆகாது. வெளிச்சம் உள்ளே போய்ப் பாசி பிடிக்கும். எங்கள் டியூப் சமையல் மேடைக்கு அடியில் போய், கதவு நிலைக்கு மேலே ஏறி, பரண் ஓரமாக இறங்குகிறது. பரண் என்றதும் வட சென்னைக்காரர்களுக்கு அடுத்து என்ன வரும் என்று தெரியும். எலி. கேபிள் டிவி ஒயரையே விடாதது, தண்ணி இருக்கும் மெத்தென்ற டியூபை விடுமா? அதனால் பரண் ஓடும் தூரம் முழுக்க எலெக்ட்ரிக் வேலைக்குப் போடும் கெட்டி பி.வி.சி. பைப்பை மாட்டி, அதற்குள் டியூபை நுழைத்தோம். பைப்பின் ரெண்டு முனையையும் ஸ்டீல் கம்பி நாரால் அடைத்தோம். பிளம்பர் சிரித்தார். அடுத்த வீட்டில் ஆர்.ஓ. டியூபை எலி கடித்து ராத்திரி முழுக்கத் தண்ணி ஓடி கீழ்வீட்டு சீலிங் ஊறிய கதையை அம்மா எடுத்துவிட்டதும் சிரிப்பு நின்றது.

புஷ் கனெக்டரில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. டியூபை ஆக்ஸா பிளேடால் அறுத்தால் முனை சாய்வாகவும் பிசிறாகவும் நிற்கும். உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தை அந்தப் பிசிறு கீறும். பார்வைக்கு நன்றாக மாட்டியிருக்கும், ஆனால் கசியும். எங்கள் பிளம்பர் அறுத்த முதல் முனை அப்படித்தான் வியர்த்தது. புது பிளேடு போட்ட கட்டரால் ஒரே வெட்டாக நேராக வெட்டினோம். முனையிலிருந்து ஒரு விரல்கடை தூரத்தில் பேனாவால் கோடு போட்டு, அந்தக் கோடு கனெக்டரின் வாயில் மறையும் வரை தள்ளினோம். பாதியில் ஒரு தடை தட்டும். நிறையப் பேர் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். இன்னும் அழுத்தினால் ரப்பரைத் தாண்டி "சக்" என்று உட்காரும். பிறகு பின்னோக்கி இழுத்துப் பார்க்க வேண்டும், வரக் கூடாது. கடைசியில், டியூப் கழலாமல் பூட்டும் நீலக் கிளிப். ராத்திரி ஒவ்வொரு மூட்டிலும் காய்ந்த பேப்பர் துண்டைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுவிட்டோம். கண்ணுக்குத் தெரியாத கசிவும் காலையில் பேப்பரில் வட்டமாக நிற்கும். ஒரு மூட்டில் அப்படி நின்றது, மறுபடி வெட்டி மாட்டியதும் போயிற்று.

பிரிட்ஜுக்குப் பின்னால் டியூபை அளவெடுத்து இறுக்கமாக விடக் கூடாது. பெட்டியை முன்னால் இழுக்க முடிகிற அளவுக்கு ரெண்டு மூன்று சுற்று பெரிய வளையமாக விட்டு வைக்க வேண்டும். சின்ன வளையம் போட்டால் டியூப் மடிந்து அடைத்துக்கொள்ளும். பிரிட்ஜைத் திரும்பத் தள்ளும்போது ஒருவர் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் சக்கரம் டியூப் மேல் ஏறாது.

லைன் திறந்ததும் முதலில் வந்த தண்ணி சாம்பல் நிறத்தில் இருந்தது. மனைவி பதறிவிட்டாள். அது புது கார்பன் பில்டரின் தூள்தான். டம்ளர் டம்ளராகப் பிடித்து, சில லிட்டர் கொட்டிய பிறகு தெளிந்தது. காற்றும் சேர்ந்து வருவதால் முதலில் துப்பித் துப்பித்தான் வரும். ஐஸ் விழ ஒரு நாள்கூட ஆகலாம். முதலில் விழும் ஐஸை எடுத்துச் செடிக்குப் போட்டுவிடுவது நல்லது. எங்கள் வீட்டில் அதற்குள் பிள்ளைகள் நன்னாரி சர்பத்தில் போட்டு ருசி பார்த்துவிட்டார்கள். பிளாஸ்டிக் வாசம் அடிக்கிறது என்று அவர்களே துப்பினார்கள்.

இந்தப் பம்பு வைத்த பிறகு கிடைத்த ஒரு வசதியை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. யாரும் தண்ணி பிடிக்காத நேரத்தில், ஐஸ் மேக்கரும் சும்மா இருக்கும்போது, பம்பு அவ்வப்போது ஒரு வினாடி ஓடி நிற்கிறது என்றால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். ராத்திரி படுக்கையிலிருந்தே காது கொடுத்துக் கண்டுபிடிக்கலாம். விட்டு விட்டு ஓடாமல் நிற்காமலே ஓடினால் ஆர்.ஓ. டேங்க் காலி. மெட்ரோ தண்ணி வராத நாளில் இது நடக்கும். உடனே பம்பின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். பொங்கலுக்கோ திருச்செந்தூருக்கோ குடும்பத்தோடு கிளம்பினால் ஐஸ் மேக்கரை ஆஃப் செய்து, ஸ்டாப் வால்வை மூடி, பம்பு அடாப்டரையும் பிடுங்கிவிடுகிறோம். கேஸை மூடியாச்சா என்று கேட்கும் அதே மூச்சில் இப்போது அம்மா பிரிட்ஜ் தண்ணியையும் கேட்கிறார்.

பிரிட்ஜின் பில்டரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லி விளக்கு எரியும். விலையைப் பார்த்தால் கொஞ்சம் திடுக்கென்றுதான் இருக்கும். சில மாடல்களில் பில்டர் இடத்தில் ஒரு பைபாஸ் மூடி போட்டுக்கொள்ள முடியும். ஏற்கெனவே ஆர்.ஓ. தண்ணி வருகிற வீட்டில் அது போதும், அழுத்தமும் கொஞ்சம் மிச்சமாகும். எங்கள் மாடலுக்கு அந்த மூடி உண்டு, பிறகு போட்டுவிட்டோம். நேராக மெட்ரோ தண்ணி கொடுக்கிறவர்கள் இதைச் செய்யக் கூடாது. விலை குறைந்த போலி பில்டரும் கடையில் கிடைக்கும். வளையம் சரியாக உட்காராமல் உள்ளேயே ஒழுகியதை ஒரு நண்பர் வீட்டில் பார்த்தேன்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு நான் இவ்வளவு வேலை சொல்ல மாட்டேன். கதவுக்குள் சின்னத் தொட்டி வைத்து, நாமே தண்ணி ஊற்றிக்கொள்ளும் மாடல்கள் இங்கே நிறையக் கிடைக்கின்றன. லைனே வேண்டாம். ஏற்கெனவே லைன் கேட்கும் பிரிட்ஜ் கைக்கு வந்துவிட்டால், இருபது லிட்டர் கேனுக்குள் குழலை விட்டு இழுக்கும் பம்பு விற்கிறது. கேனைப் பக்கத்தில் வைத்து, டியூபை அதிலிருந்து நேராக பிரிட்ஜுக்குக் கொடுத்துவிடலாம். சுவரில் ஒரு ஓட்டைகூடப் போட வேண்டியதில்லை, வீட்டுக்காரரிடம் கேட்கவும் வேண்டாம். கேன் மட்டும் ஐ.எஸ். 14543 முத்திரை உள்ளதாக, சீல் உடையாததாகப் பார்த்து வாங்க வேண்டும். அண்ணன் மகள் கல்யாணமாகி ராயபுரத்தில் வாடகைக்கு வந்திருக்கிறாள். அவள் வீட்டில் போன கோடையில் அப்படித்தான் வைத்துக் கொடுத்தோம்.